கழற்ற முன் இடத்தைத் தீர்மானியுங்கள்: சாம் கடை இசைத்தட்டுகளும் கூரை நியோன் பலகைகளும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உங்கள் நகரில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சியில் பல வருடமாக எரியும் நியோன் பலகை. கட்டடம் கைமாறிவிட்டது, இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பலகையைக் கவனமாகக் கழற்றி வேறொரு கூரையில் ஏற்றித் தருவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். இது நடக்கிற காரியமா, நடந்தாலும் அது அதே பலகையா, ஒரு விளம்பரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு?

நடக்கிற காரியம்தான். நான் ரொறன்ரோவில் பலகை செய்யும் பட்டறைகளில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவன், கண்ணாடி வளைப்பவருக்கு உதவியாளாகத் தொடங்கி, பிறகு கிரேனோடு கூரைகளில் ஏறி இறங்கியவன். இரும்பையும் கண்ணாடியையும் இடம் மாற்றுவது எங்கள் தொழிலில் பெரிய அதிசயமே இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். முதல் போல்ட்டைக் கழற்ற முன்னமே அந்தப் பலகை போய் நிற்கப்போகும் இடம் தீர்ந்திருக்க வேண்டும். எந்தக் கூரை, எந்தத் திசை, எந்தத் திகதிக்குள், யாருடைய காசு, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "இப்போதைக்குக் கிடங்கில் வைப்போம், பிறகு பார்ப்போம்" என்று தொடங்கினால் அதன் பிறகு யார் கையிலும் பிடி இருக்காது.

எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். யங் வீதி 347ஆம் இலக்கத்தில், கூல்ட் வீதி மூலையில், சாம் த ரெக்கோர்ட் மான் என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. சாம் ஸ்னைடர்மான் 1961இல் அந்த இடத்துக்கு வந்தார். 1970 வாக்கில் கடை முகப்பில் நியோனால் ஆன ஒரு மாபெரும் இசைத்தட்டை ஏற்றினார்கள், 1987இல் பக்கத்தில் இன்னொன்று வந்தது. இரண்டு கறுப்புத் தட்டுகள், அவற்றில் வளையம் வளையமாகச் சிவப்புக் குழாய்கள், குழாய்கள் வரிசையாக எரிந்து அணைவதால் தட்டு சுழல்வதுபோல் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அங்கே எதுவும் சுழலவில்லை, வெளிச்சம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் இந்த நகருக்கு வந்த முதல் பனிக்காலத்தில் டவுன்ரவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து சுரங்க ரயிலுக்கு நடக்கும்போது அந்தத் தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தால் நடைபாதைப் பனி முழுவதும் சிவப்பாகவும் கொஞ்சம் கறுப்பாகவும் மாறி மாறித் தெரியும். எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்கு "சாம் கடையடியில் நில்லு" என்பதுதான் டவுன்ரவுன் முகவரி.

கடை 2007 ஜூன் 30ஆம் திகதி மூடப்பட்டது. அதே மாதம் மாநகரசபை அந்த முகவரியை மரபுடைமை என்று அறிவித்தது. 2008இல் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகம், அப்போது ரயர்சன், 2022இலிருந்து ரொறன்ரோ மெற்றோபொலிற்றன், இடத்தை வாங்கியது. பலகையைத் திரும்ப ஏற்றுவோம் என்ற உடன்பாட்டின் பேரில் தட்டுகளைக் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள், பழைய கட்டடத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் ஸ்னோஹெட்டா என்ற நோர்வே கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பில் மாணவர் கற்றல் மையம் எழுந்தது. அழகான கண்ணாடிக் கட்டடம், 2015இல் திறந்தார்கள். ஆனால் அதன் முகப்பில் அந்த இரண்டு தட்டுகளுக்கும் இடமில்லை. 2013இல் பல்கலைக்கழகம் வெளிப்படையாகவே சொன்னது: பலகையை இங்கே ஏற்றுவது கடினம், நடைபாதையில் ஒரு நினைவுச் சின்னமும் ஒரு இணையத்தளமும் போதாதா?

நகரமே கொதித்தது. ஊரார் கோபம் நியாயமானது. கட்டடம் வரைபடத்தில் இருக்கும்போதே பலகையின் இடத்தை வரைந்திருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. அதன் பிறகு சபையில் கதைத்துக் கதைத்து, 2014இல் வேறொரு தீர்வுக்கு வந்தார்கள். விக்டோரியா வீதி 277இல் மாநகருக்குச் சொந்தமான, பொதுச் சுகாதாரப் பிரிவு இருந்த கட்டடத்தின் கூரை. அது யங்-டன்டாஸ் சதுக்கத்தை நேரே பார்த்து நிற்கிறது, இப்போது அந்தச் சதுக்கத்தின் பெயர் சங்கோஃபா. அதுவும் உடனே நடக்கவில்லை. 2017 முடிவில்தான் தட்டுகள் கூரைக்கு ஏறின, 2018 ஜனவரி 10ஆம் திகதி மாலை விளக்கைப் போட்டார்கள். கழற்றியதிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறையப் பத்து வருடம். சாம் ஸ்னைடர்மான் 2012 செப்டெம்பரிலேயே 92 வயதில் காலமாகிவிட்டார். தன் தட்டுகள் திரும்ப எரிவதை அவர் பார்க்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் எப்போதும் உறுத்துவது அதுதான்.

கிடங்கு ஏன் ஆபத்து என்று தொழில் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் வெளியில் இருந்து பார்ப்பவர்கள் கூரையில் மழையிலும் பனியிலும் நிற்பதுதான் கேடு, கிடங்குக்குள் பத்திரம் என்று நினைக்கிறார்கள். நியோன் குழாய் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் நல்லாக இருக்கும். ஒரு குழாயில் காற்று நுழையாமல், இரண்டு முனையிலும் இருக்கும் மின்முனை கெடாமல் இருந்தால் அது முப்பது நாற்பது வருடம் எரியும். கழற்றும்போதும், ஏற்றி இறக்கும்போதும், பெட்டியில் அடுக்கும்போதும்தான் உடைகிறது. ஒருமுறை ஒரு வேலையில் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் நுரைப் பஞ்சில் செங்குத்தாக நிறுத்தி, இலக்கம் எழுதி ஒரு நிறுவனத்தின் கிடங்கில் ஒப்படைத்தோம். நாலு வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் யாரோ இட நெருக்கடிக்காகப் பெட்டிகளைப் படுக்க வைத்து மேலே வேறு சாமான் ஏற்றியிருக்கிறார்கள். அறுபத்துமூன்று குழாயில் முழுதாக இருந்தது பதினொன்று. வேண்டுமென்று செய்தது இல்லை. அங்கே வேலைசெய்தவர்கள் மாறிவிட்டார்கள், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் ஒருவரும் மிச்சமில்லை.

இரும்புக்கும் அதேதான். பழைய எழுத்துகள் தகட்டில் செய்தவை, நல்லவையாக இருந்தால் மேலே பீங்கான் பூச்சு சுட்டிருப்பார்கள். எழுத்தின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கூரையில் அது நேராக நிற்கும்போது தண்ணீர் வடிந்துவிடும். கிடங்கு முற்றத்தில் மல்லாக்கப் போட்டால் அதே எழுத்து ஒரு தொட்டி. இரண்டு பனிக்காலம் போதும், பூச்சு கிளம்பி உள்ளே துருப் பிடிக்கும்.

சரி, ஒழுங்காகச் செய்தால் வேலை எப்படி நடக்கும்?

முதலில் எரியும்போது படம் எடுக்க வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இதைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றிய பிறகு எந்தச் சிவப்பு, எவ்வளவு வேகத்தில் ஓடியது, எந்தக் குழாய்க்கு அடுத்து எந்தக் குழாய் எரிந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. சாதாரணக் கண்ணாடிக்குள் நியோன் வாயு நிரப்பினால் செம்மஞ்சள் கலந்த சிவப்பு வரும். அதையே சிவப்புக் கண்ணாடிக்குள் நிரப்பினால் இன்னும் அடர்த்தியான, மாணிக்கச் சிவப்பு. நீலம், பச்சை, வெள்ளை எல்லாம் பெரும்பாலும் ஆர்கன் வாயுவோடு ஒரு துளி பாதரசம் சேர்த்து, கண்ணாடியின் உள்சுவரில் பூச்சுத் தூள் தடவிச் செய்வது. உடைந்தால் சிவப்புக் குழாய்க்குப் பாதரசப் பயம் இல்லை, மற்றதற்கு உண்டு. ஆகவே கழற்றும் ஆட்களுக்கு எது எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பழைய ஓட்டப் பலகைகளில் ஒரு சின்ன மோட்டார் சுற்றி, அதில் இருக்கும் பல்லுகள் வரிசையாக இணைப்பைக் கொடுத்து எடுக்கும். அந்தப் பெட்டியைத் திறந்தால் டக் டக் என்று மணிக்கூடு மாதிரிக் கேட்கும். அந்த வேகத்தை அளந்து எழுதாமல் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

பிறகு அளவு. ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம், அதே இலக்கம் வரைபடத்திலும். குழாயைத் தாங்கும் கண்ணாடிக் கால்கள், முனைகள் உள்ளே போகும் பீங்கான் குழிகள், எல்லாவற்றின் இடமும் முழு அளவுத் தாளில் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்போம். குழாய் உடைந்தாலும் அந்தத் தாள் இருந்தால் திரும்ப வளைக்கலாம். வளைப்பவர் தாளை மேசையில் விரித்து, தீச்சுடரில் கண்ணாடியை உருட்டி உருட்டிச் சூடாக்கி, அது தேன் மாதிரித் தொய்யும் கணத்தில் கோட்டின் மேல் வைப்பார். உள்ளே குழாய் நசியாமல் இருக்க வாயால் ஒரு ரப்பர் குழாய் வழியாக மெல்ல ஊதிக்கொண்டே இருப்பார். வளைத்து முடிந்ததும் முனைகளை ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, பெரிய மின்னோட்டம் பாய்ச்சிக் கண்ணாடியைச் சுட்டு உள்ளழுக்கை எரித்து வெளியேற்றி, ஆறிய பிறகு கொஞ்சம் நியோன் விட்டு மூடுவார்கள். முதல்தரம் எரியும்போது வெளிச்சம் முனையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து, பிறகு நிலைகொள்ளும். நான் எத்தனையோ நூறுதரம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

அப்புறம் கூரை. இங்கேதான் காசு போகும். எல்லோரும் பலகையின் பாரத்தைக் கேட்பார்கள், பொறியியலாளர் கேட்பது காற்றை. கூரைப் பலகை என்பது ஒரு பாய்மரம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. வெறும் எழுத்துகள் மட்டும் சட்டத்தில் நிற்கும் பலகை என்றால் இடைவெளியால் காற்று புகுந்து போய்விடும், சாம் கடைத் தட்டுகள் மாதிரி மூடிய முகப்பு என்றால் முழு விசையும் சட்டத்தில் விழும், சட்டத்திலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து தூண்களுக்கு. பழைய கட்டடத்தில் பலகையின் கால்கள் தூண்களுக்கு நேர் மேலே இருந்திருக்கும். புதுக் கூரையில் தூண்கள் வேறெங்கோ இருக்கும். ஆகவே இடையில் இரும்பு உத்தரங்கள் போட்டு பாரத்தைத் தூண்களுக்குக் கொண்டுபோக வேண்டும், உத்தரம் கூரையைத் துளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் மழைநீர் இறங்காமல் அடைக்க வேண்டும். பலகைக்குப் பின்னால் ஒரு ஆள் நடந்து போய்ப் பழுது பார்க்க நடைதளம் வேண்டும். இதை மறந்த இடங்களில் ஒரு குழாய் மாற்றவே கிரேன் கூப்பிட வேண்டியிருக்கும், கிரேனுக்குக் காசு இல்லை என்று குழாய் இருண்டே கிடக்கும். பழைய ட்ரான்ஸ்போமர்களைத் திரும்பப் போட முடியாது. 15,000 வோல்ட் வரை கொடுக்கும் சாமான், இன்றைய விதிப்படி கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் பாதுகாப்பு உள்ளவையாக வாங்க வேண்டும்.

நியோனா, எல்ஈடியா என்ற சண்டை இந்த இடத்தில் வரும். பொஸ்ரனில் கென்மோர் சதுக்கத்துக்கு மேலே இருக்கும் சிட்கோ என்ற எண்ணெய் நிறுவனத்தின் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 60 அடிக்கு 60 அடி, நடுவில் சிவப்பு முக்கோணம், ஃபென்வே விளையாட்டரங்கில் இருந்து பார்த்தால் இடப்பக்கச் சுவருக்கு மேலே தெரியும். 2005இல் அதன் நியோன் குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு எல்ஈடி போட்டார்கள். ஐந்து வருடத்தில், 2010இல், அந்த எல்ஈடியையும் மாற்ற வேண்டி வந்தது. பால்ற்றிமோர் துறைமுகத்தில் 1951இலிருந்து எரிந்த டொமினோ சீனிப் பலகையை 2021இல் கழற்றி, அதே அளவில் எல்ஈடி எழுத்துகள் செய்து ஏற்றினார்கள். நான் எல்ஈடிக்கு எதிரி இல்லை. மின்சாரம் குறைவு, உயர் அழுத்தம் இல்லை, கண்ணாடி உடையாது. தூரத்தில் இருந்து, ஆற்றுக்கு அப்பால் இருந்து பார்க்கும் பலகைக்கு அது போதும் என்றே சொல்வேன். கிட்ட நின்று பார்க்கும் பலகைக்குப் போதாது. நியோன் குழாய் சுற்றிவரப் பிரகாசிக்கும், தனக்குப் பின்னால் இருக்கும் வர்ணத் தகட்டையும் நனைத்துவிடும், அதனால்தான் எழுத்து காற்றில் மிதப்பதுபோல் இருக்கும். எல்ஈடி முன்பக்கம் மட்டும் பார்க்கும், பின்னால் இருட்டு. தெருமட்டத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற ஒருவருக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

இனி, வெறும் விளம்பரத்துக்கு ஏன் இந்தப் பாடு என்ற உங்கள் கேள்வி. சிட்கோ பலகையை 1979இல் மாநில ஆளுநர் மின்சாரச் சிக்கனத்துக்காக அணைக்கச் சொன்னார். நாலு வருடம் இருண்டு கிடந்து, 1983இல் கழற்ற ஆள் வந்தபோது ஊர் எழுந்து தடுத்தது, அந்த ஆகஸ்டிலேயே திரும்ப எரிந்தது. மொன்றியலில் மாவாலை ஒன்றின் உச்சியில் சிவப்பில் "ஃபரின் ஃபைவ் ரோசஸ்" என்று எரிகிறதே, அதில் ஒரு காலத்தில் கடைசியில் மாவைக் குறிக்கும் "ஃப்ளவர்" என்ற ஆங்கிலச் சொல்லும் இருந்தது. 1977இல் கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்தபோது அதை எடுத்தார்கள். மிச்சம் இருப்பதில் மாவைக் குறிக்கும் "ஃபரின்" என்ற ஒரு பிரெஞ்சுச் சொல், இரண்டு ஆங்கிலச் சொல். அந்த நகரத்தின் மொழிச் சண்டையை ஒரு கூரையில் வாசிக்கலாம். 2006இல் மாவின் பெயரை வேறு நிறுவனம் வாங்கியதும் பலகையை அணைத்தார்கள். மக்கள் கேட்ட கேள்வியில் சில வாரத்தில் திரும்பப் போட்டார்கள். மாவு விற்பதற்காகத்தான் ஏற்றினார்கள், மறுக்கவில்லை. ஆனால் இரவு வேலையால் வீட்டுக்குப் போகிறவர் அதைப் பார்த்து மாவு வாங்க நினைப்பதில்லை, பாலம் வந்துவிட்டது, இன்னும் பத்து நிமிடம் என்று நினைக்கிறார். அந்த வேலையைத்தான் பலகை இப்போது செய்கிறது. அதை எங்கே நகர்த்தினாலும் அந்த வேலையைச் செய்ய விட வேண்டும்.

நகர்த்தியதில் எனக்குப் பிடித்த உதாரணம் நியூயோர்க்கின் பெப்சி-கோலா பலகை. குவீன்ஸ் பக்கம் லோங் ஐலண்ட் சிற்றியில், கிழக்கு ஆற்றங்கரையில் இருந்த பெப்சி ஆலையின் கூரையில் 1940 வாக்கில் இருந்து மன்ஹாற்றனைப் பார்த்து நின்றது. 120 அடி நீளம், பெரிய இரண்டு எழுத்துகள் மட்டும் 44 அடி உயரம், ஓரத்தில் 50 அடிப் போத்தல் ஒன்று. ஆலை மூடி, நிலம் குடியிருப்புக் கட்டடங்களுக்குப் போனதும், பலகையைக் கழற்றி அதே கரையில் தற்காலிகமாக நிறுத்தி, பிறகு 2009இல் கான்ற்றி பிளாசா பூங்காவுக்குள் நிரந்தர இடம் கொடுத்தார்கள். கூரையிலிருந்து தரைக்கு இறங்கியது உண்மைதான். ஆனால் ஆற்றுக்கு அப்பால் இருந்து பார்ப்பவருக்கு அதே கரை, அதே தண்ணீர், தண்ணீரில் அதே சிவப்புக் கோடு. அதைவிட முக்கியம், பலகைக்குப் பின்னால் எழுந்த அடுக்குமாடியின் கீழ்த்தளங்களைச் சில அடி உள்வாங்கிக் கட்டினார்கள், எழுத்துகளுக்குப் பின்னால் மூச்சுவிட இடம் இருக்கட்டும் என்று. கட்டடம் பலகைக்காக ஒதுங்கியது. ரொறன்ரோவில் நடக்காதது அங்கே நடந்தது.

அந்தப் பலகையும் முழுக்க 1940இன் இரும்பு கிடையாது. புயலிலும் துருவிலும் கெட்டுப்போய் 1993இல் பெரும்பகுதியைத் திரும்பச் செய்தார்கள். ஆகவே "அசல்தானா" என்று ரொம்பவும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். எங்கள் கோயில் தேர் சில்லை மாற்றினால் தேர் மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மெல்பேர்னில் கயிறடிக்கும் சிறுமியின் நியோன் பலகை இருக்கிறது, 1936இல் ஒரு வினிகர் ஆலைக்காகச் செய்தது. ஆலையை இடித்தபோது பலகை பழைய சாமான் காரரிடம் போய்விட்டது. ஊரார் அழுத பிறகு 1970இல் கொஞ்சம் சிறிதாக இன்னொன்று செய்து அதே வீதியில் சற்றுத் தள்ளி வேறொரு கூரையில் ஏற்றினார்கள். ஊரார் அவளுக்கு வைத்த பெயர் ஓட்றி. இன்று மெல்பேர்ன் மக்கள் அன்பு வைத்திருப்பது அந்தப் படியின் மேல்தான், அதுவே இப்போது மரபுடைமைப் பதிவேட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் அவளும் சில வருடம் இருண்டு கிடந்தாள், மின்சாரத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் காசு சேர்த்து மீட்டெடுத்தார்கள், கூரையில் சூரியத் தகடும் வந்தது. அசல் தொலைந்தது பெரிய இழப்புத்தான். ஆனால் அதே வீதி, அதே கயிறு என்பதால் உயிர் ஒட்டிக்கொண்டது.

எதிர்ப்பக்க உதாரணம் புரூக்ளினில் கென்ரைல் ஃப்ளோர்ஸ் என்ற தரை ஓடு நிறுவனத்தின் பலகை. நிறுவனம் எப்போதோ திவாலாகிவிட்டது, எழுத்துகள் மட்டும் கோவானஸ் கால்வாய்ப் பக்கத்துக் கூரையில் நின்றன, மேம்பால ரயிலில் போகிறவர்களுக்கு நேரே தெரியும். 2014 ஜூனில் கழற்றினார்கள். அழிக்கவில்லை, உள்ளூர் அமைப்பு ஒன்று பொறுப்பெடுத்து எழுத்துகளைக் கிடங்கில் வைத்தது. நல்ல மனது, ஆனால் போக வேண்டிய கூரை எது என்று அன்று யாரிடமும் பதில் இல்லை.

உங்கள் ஊரில் இப்போது என்ன கேட்க வேண்டும் என்றால், முதலில் சட்டத்தைப் பாருங்கள். இன்று பல நகரங்களில் கூரைமேல் புதிதாகப் பலகை வைக்க அனுமதியே இல்லை. பழையது நிற்பது அது பழையது என்ற உரிமையில். கழற்றிய கணத்தில் அந்த உரிமை போய்விடலாம், பிறகு அதைத் திரும்ப ஏற்ற முயன்றால் அது "புதுப் பலகை", அதுவும் அந்தக் கட்டடத்தில் இல்லாத வியாபாரத்தின் விளம்பரம், இரண்டு விதத்திலும் விதிக்கு முரண். ஆகவே இடம் மாறினாலும் தொடர்ச்சி உண்டு என்று மாநகரசபைத் தீர்மானத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். மரபுடைமை அறிவிப்பு பெரும்பாலும் நிலத்தோடும் கட்டடத்தோடும் ஒட்டியது. பலகை நகரும்போது அறிவிப்பும் கூடவே நகரும் என்று நினைத்துவிட வேண்டாம், தனி ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் "இயன்ற இடத்தில்", "உரிய நேரத்தில்" என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்துக்கு முன் அடித்துவிட்டுக் கூரையின் முகவரியையும் திகதியையும் போடச் சொல்லுங்கள். திகதி தவறினால் கட்ட வேண்டிய காசு முன்கூட்டியே வைப்பில் இருக்க வேண்டும், கட்டடம் திறந்த பிறகு யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது சொந்தக்காரர் யார் என்பது. போர்ட்லண்டில் துள்ளும் மானோடு இருக்கும் பலகை 1940இல் ஒரு சீனி நிறுவனத்துக்காக ஏற்றியது, பிறகு உடுப்பு நிறுவனம், பிறகு அன்பளிப்புக் கடை என்று பெயர் மாறி மாறி, 2010இல் நகரமே அதை எடுத்து ஊரின் பெயரை எழுதிவிட்டது. நகரத்துக்குச் சொந்தமானால் மின்கட்டணமும் பழுதும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாகிவிடும். தனியார் கையில் இருந்தால் ஒவ்வொரு தடவை கம்பனி கைமாறும்போதும் நெஞ்சு பதறும். சாம் கடைத் தட்டுகள் மாநகரக் கட்டடத்தில் ஏறியதில் எனக்கு ஆறுதல் அதனால்தான். ஆனால் மாநகரக் கட்டடமும் ஒருநாள் விற்பனைக்கு வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம், ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

கடைசியாகப் பார்வைக் கோடு. வரைபடத்தில் "வடக்குக் கூரை, 18 மீற்றர்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். இப்போது எந்தெந்த இடத்தில் நின்றால் பலகை தெரிகிறது, பாலமா, ரயில் ஜன்னலா, பாடசாலை வாசலா என்று ஊராரிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு புதுக் கூரையில் ஒரு கிரேனை நிறுத்தி, அந்த உயரத்தில் இரவில் ஒரு விளக்கைக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். ஒரு இரவுக் கிரேன் வாடகைதான் செலவு. அந்த இடங்களில் எத்தனையிலிருந்து விளக்குத் தெரிகிறது என்று நீங்களே போய் எண்ணுங்கள். விளக்குக்குப் பின்னால் வானம் இருக்கிறதா, வேறு திரையின் வெளிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாம் கடைத் தட்டுகளுக்கு இருக்கும் குறை அதுதான், நேர்மையாகச் சொல்ல வேண்டும். யங் வீதியில் அவை உங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தன, கையை நீட்டினால் சூடு தெரியும் என்பதுபோல. இப்போது சதுக்கத்தின் கிழக்கே உயரத்தில், சுற்றிவரப் பெரிய காணொளித் திரைகளுக்கு நடுவில், அவற்றோடு போட்டி போட்டுக்கொண்டு நிற்கின்றன. முதல்தரம் போய்ப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, அதே நேரம் அவ்வளவு சிறிதாகத் தெரிகின்றனவே என்றும் இருந்தது. நீங்கள் ரொறன்ரோ வந்தால் திரைகளுக்கு முதுகு காட்டக்கூடிய ஒரு மூலையைத் தேடி, சதுக்கத்தின் யங் வீதி ஓரத்தில் நின்று கிழக்கே அண்ணாந்து பாருங்கள். பனி விழுகிற இரவென்றால் இன்னும் நல்லது, பனி திரைகளின் வெளிச்சத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிடும், தட்டுகள் ஓடுவது அப்போது வடிவாகத் தெரியும்.